வீட்டுக்கு வந்த வெள்ளித்திரை: காட்டியதும் போட்டதும் எடுத்ததும் பார்ப்பதும்



மொழி மன்றத்தின் மேடையில் இலக்கணமும் இலக்கியமும் பேசப்படுவதே வழக்கம். வீட்டில் அமர்ந்து திரைப்படம் பார்க்கும் பழக்கம் இம்மேடைக்குரிய பொருளா என்று சிலர் எண்ணலாம். உரிய பொருளே என்பது நம் துணிபு. தமிழ்நாட்டில் ஒரு குழந்தை தெருவில் இறங்கினால் தமிழ் காதில் விழும். பேருந்தின் நெற்றியிலும் தமிழ் இருக்கும். பினாங்கில் நிலைமை வேறு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் தமிழ் பயிற்றுமொழி. அதன்பின் இடைநிலைப் பள்ளியில் அது ஒரு பாடம் மட்டுமே. பல மாணவர்க்கு அதுவும் வாய்ப்பதில்லை. கோவில், பள்ளிவாசல், வானொலி, உறவினர் வீட்டு விருந்து ஆகியவற்றை ஒதுக்கிப் பார்த்தால், இரண்டரை மணி நேரம் தொடர்ந்து தமிழ் ஒலிக்கும் இடமாக நம் குழந்தைக்கு எஞ்சுவது வீட்டுத்திரையே. அத்திரை மாறிவந்த வரலாற்றை அறிந்தால், நம் மொழி வீட்டுக்குள் வாழ்ந்த வரலாற்றின் ஒரு பகுதியையும் அறிந்தவர்கள் ஆவோம்.

இவ்வரலாற்றைக் கருவிகளின் பெயர்களை அடுக்கிச் சொல்லிவிடலாம். நாம் வேறு வழியில் செல்வோம். தமிழர் படத்தோடு சேர்த்து வழங்கும் வினைச்சொற்களுள் நான்கை எடுத்துக்கொள்வோம். 'திடலில் படம் காட்டுகிறார்கள்' என்றோம். 'டிவியில் படம் போடுகிறார்கள்' என்றோம். 'கடைக்குப் போய் ஒரு படம் எடுத்து வா' என்றோம். இன்று 'நான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன்' என்கிறோம். காட்டுதல், போடுதல், எடுத்தல், பார்த்தல் என்னும் இந்நான்கிலும் வினைமுதல் யார் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஊருக்கு வந்த எவரோ, பிறகு எங்கோ ஒரு நிலையம், பிறகு குடும்பம், இறுதியில் தனியொருவர். வீட்டுத்திரையின் வரலாறு முழுவதும் இந்த வினைமுதல் மாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

1. காட்டிய படம்

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியாயிற்று. அக்காலத்தில் படம் என்பது ஊர்ப்பொது நிகழ்ச்சி. நகரத்தார் கொட்டகைக்குச் சென்றனர். தோட்டத்தாருக்குக் கொட்டகையே தேடி வந்தது. திடலில் இரு கம்பங்கள் நட்டு, வெள்ளைத் துணி கட்டி, மின்னாக்கியை ஓடவிட்டுப் படம் காட்டினர். 1946இல் அமைக்கப்பட்ட மலாயாத் திரைப்படப் பிரிவு உருவாக்கிய செய்திப்படங்களும் நடமாடும் ஊர்திகள் வழியே சிற்றூர்களையும் தோட்டங்களையும் அடைந்தன. துணியின் முன்புறம் பாய் விரித்தோர் ஒரு பக்கம், பின்புறம் அமர்ந்து இடவலம் மாறிய படத்தைக் கண்டோர் மறுபக்கம் என ஊரே கூடியது.

வீட்டிலேயே படம் காட்டும் கருவிகள் மேலைநாடுகளில் முன்னரே தோன்றிவிட்டன. பிரான்சின் பாத்தே நிறுவனம் 1922இல் 9.5 மில்லிமீட்டர்ச் சுருளையும், அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 1923இல் 16 மில்லிமீட்டர்ச் சுருளையும் கொணர்ந்தன. கொட்டகைகளில் அன்று ஓடிய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்பினது. வீட்டுச் சுருள்களோ தீப்பற்றுதல் குறைந்த அசிட்டேட் பொருளால் செய்யப்பட்டன. ஆயினும் விலை காரணமாக அவை செல்வர் இல்லங்களைத் தாண்டவில்லை.

எளிய தமிழ் வீட்டுக்குள் திரைப்படம் முதலில் நுழைந்தது ஒளியாக அன்று, ஒலியாகவே. 1930களிலேயே பினாங்கு வானொலிச் சங்கத்தின் இசட்.எச்.ஜே. நிலையம் பிறமொழிகளோடு தமிழிலும் ஒலிபரப்பியது என்பது இம்மாநிலத்தார் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி. பிற்காலத்தில் வானொலி, திரைப்படத்தின் உரையாடலையும் பாடலையும் சுருக்கித் தொகுத்து 'ஒலிச்சித்திரம்' என ஒலிபரப்பிற்று. 'பராசக்தி' (1952), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'திருவிளையாடல்' (1965) ஆகிய படங்களின் வசனங்கள் இசைத்தட்டுகளாகவும் விற்பனையாயின. படத்தைப் பாராமலே அதன் வசனத்தை மனப்பாடமாக ஒப்பித்த தலைமுறை ஒன்று இருந்தது. ணகர னகரமும் லகர ளகர ழகரமும் அத்தலைமுறையின் நாவில் பதிந்ததற்குப் பள்ளியோடு அத்தட்டுகளும் காரணம்.

2. போட்ட படம்

1963 டிசம்பர் 28 அன்று மலேசியத் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 1969 நவம்பரில் இரண்டாம் அலைவரிசை வந்தது. 1978 டிசம்பர் 28 முதல் வண்ண ஒளிபரப்பு வந்தது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. தமிழ்நாட்டு இல்லங்களுக்கு முன்பே மலேசியத் தமிழர் இல்லங்கள் தொலைக்காட்சியைக் கண்டுவிட்டன என்பது பலர் கருதிப் பாராத ஒன்று.

தொடக்கக் காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுகளில் மட்டுமே இருந்தது. தமிழ்ப்படம் போடும் நாளில் அவ்வீட்டின் கதவை அடைக்க இயலாது. கூடத்தில் பெரியவர்கள், வாசற்படியில் சிறுவர்கள், இடமில்லாதோர் அஞ்சடியில் நின்று சன்னல் வழியே பார்த்தல் என அதுவும் ஒரு சிறு கொட்டகையாயிற்று. தமிழ்நாட்டிலும் வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சிக்கும் ஞாயிறு மாலைப் படத்துக்கும் இதே நிலை இருந்தது.

'போடுதல்' என்னும் வினையில் நமக்குத் தேர்வுரிமை இல்லை. எந்தப் படம், எந்த நாள், எந்த நேரம் என்பதை நிலையமே முடிவு செய்தது. அக்குறையிலேயே ஒரு நிறைவும் விளைந்தது. ஊர் முழுதும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்த்தது; மறுநாள் பள்ளியிலும் சந்தையிலும் அதைப் பற்றியே பேசியது. பார்த்த நேரத்தைவிடப் பேசிய நேரம் மிகுதி. மொழியைப் பொறுத்தவரை இப்பேச்சே பயன் மிக்கது. கேட்ட சொல்லைத் தானும் சொல்லிப் பார்க்கும்போதுதான் அச்சொல் ஒருவர்க்கு உரிமையாகிறது.

மலேசியத் திரைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. தமிழ்ப்படங்கள் மலாய் மொழிபெயர்ப்பு வரிகளோடு ஒளிபரப்பாயின. அதனால் அண்டை வீட்டு மலாய்க்காரரும் தமிழ்ப்படத்துக்கு அன்பர் ஆயினர். வீட்டுமொழி மலாயாகிவிட்ட பினாங்குத் தமிழ் முசுலிம் குடும்பங்கள் சிலவற்றில், தமிழ்ச் செவியை இழக்காமல் வைத்திருந்ததில் திரைப்படத்துக்கும் பங்குண்டு. தமிழ்க் குழந்தைகளோ காதால் தமிழும் கண்ணால் மலாயும் ஒருங்கே கற்றனர்.

ஆயின் அவ்வரிகளில் வழுவிப்போனவை எவை என்பதை ஆசிரியர்கள் கருதிப் பார்க்க வேண்டும். அத்தை, சித்தி, மாமி என்னும் மூன்று உறவும் 'மக் சிக்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடக்கூடும். சித்தப்பாவும் மாமாவும் 'பாக் சிக்' ஆகிவிடுவர். அத்தை மகளை மணக்க விரும்பும் கதைத்தலைவனின் உரிமைவாதம் அவ்வரிகளை மட்டும் படிப்பவர்க்கு விளங்காது. கணவனை 'நீங்கள்' என்று விளித்துவந்த மனைவி, சினம் முற்றிய கணத்தில் 'நீ' என்று மாறுகிறாள். அரங்கமே அதிரும் இடம் அது. மொழிபெயர்ப்பு வரியில் அம்மாற்றம் புலப்படுவது அரிது. அருகில் அமர்ந்திருந்த பாட்டியோ, 'பார்த்தாயா, நீ என்று சொல்லிவிட்டாள்!' என்று வியந்தார். வரி தராத பொருளை அந்த வியப்பு தந்தது. திரைக்கும் குழந்தைக்கும் இடையே உரையாசிரியராக ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார் என்பதை இங்கு மனத்தில் இருத்திக்கொள்வோம். இனி வரும் மாற்றங்களில் நாம் தேட வேண்டியவர் அவரே.

3. எடுத்த படம்

1975இல் சோனி நிறுவனத்தின் பீட்டாமாக்ஸ் ஒளிநாடாவும், 1976இல் ஜே.வி.சி. நிறுவனத்தின் வி.எச்.எஸ். ஒளிநாடாவும் ஜப்பானில் அறிமுகமாயின. 1980களில் இரண்டாவது வகை வென்றது. அதன் 180 நிமிட நாடா ஒன்றில், பாடலும் சண்டையும் நகைச்சுவையும் கொண்ட தமிழ்ப்படம் ஒன்று முழுமையாக அடங்கிற்று. மற்றொரு வசதியும் அமைந்தது. மலேசியா, சிங்கப்பூர், இந்தியா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் பால் என்னும் ஒரே ஒளிபரப்பு முறையைக் கைக்கொண்டவை. எனவே சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த நாடா பினாங்கில் தடையின்றி ஓடிற்று. கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழர்க்கோ அங்கு வழங்கிய முறை வேறாதலால் நாடாக்களை மாற்றிப் பதிய வேண்டிய தேவை இருந்தது.

தமிழ்நாட்டார் ஒளிநாடாக் கருவியை 'டெக்' என்றனர். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் ஓரிரவு வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்தனர். பினாங்கிலோ குட்டி இந்தியா வட்டாரத்துக் கடைகளே வீட்டுத்திரையின் ஊற்றாயின. மார்க்கெட் தெருவிலும் பினாங்குத் தெருவிலும் பாட்டு ஒலிக்க, மளிகையும் மல்லிகையும் வாங்க வந்தோர் படத்தையும் கையோடு எடுத்துச் சென்றனர். தமிழில் 'படம் எடுத்தல்' என்றால் திரைப்படம் தயாரித்தல். நாகம் படமெடுப்பதும் உண்டு. வாடகைக் கடையால் மூன்றாவதாக ஒரு பொருளும் சேர்ந்தது.

இப்போது வினைமுதல் குடும்பம். தேர்வு குடும்பத்தினுடையது, ஆகவே வாதமும் குடும்பத்தினுடையது. பழைய படம் வேண்டும் என்பார் தாத்தா. புதியது வேண்டும் என்பான் பேரன். ஒரே நாடாதான் எடுக்க முடியும் என்றால் ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அதனால் பேரன் 'திருவிளையாடல்' பார்த்தான். தாத்தா புதுப்பாட்டைக் கேட்டார். நிறுத்தவும் பின்னோக்கிச் சுற்றவும் முடிந்தது மற்றொரு பேறு. விளங்காத வசனத்தை மீண்டும் கேட்கலாம். நிறுத்திவிட்டுப் பொருள் வினவலாம். அக்கருவி தன்னையறியாமல் ஒரு மொழிப்பயிற்சிக் கூடமாயிற்று.

அதன் பின் வந்தது குறுவட்டு. 1993இல் வரையறுக்கப்பட்ட வி.சி.டி. வட்டு ஒன்றில் ஏறத்தாழ 74 நிமிடங்களே கொள்ளும். ஆதலால் தமிழ்ப்படம் இரண்டு அல்லது மூன்று வட்டுகளாக வந்தது. வட்டு மாற்றும் பொழுது வீட்டுக்குரிய இடைவேளை ஆயிற்று; தேநீர் வந்தது, கதையின் முற்பாதி அலசப்பட்டது. 1996இல் தோன்றிய டி.வி.டி. வட்டில் படம் முழுதும் அடங்கியதோடு, பல மொழிகளில் வரிகளைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் வந்தது. அவ்வட்டின் விதிப்படி உலகம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. மலேசியா மூன்றாம் பகுதி. இந்தியா ஐந்தாம் பகுதி. ஒரே மொழி பேசுவோர் இரு பகுதிகளில் வைக்கப்பட்டனர். ஆயினும் தமிழ்ப்பட வட்டுகள் பெரும்பாலும் எப்பகுதியிலும் இயங்குமாறே வெளியிடப்பட்டன.

இக்காலத்தின் இருண்ட பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. 'திருட்டு வி.சி.டி.' என்ற தொடர் தமிழில் நிலைபெற்றது. மலேசியா 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் இயற்றி வட்டுத் தயாரிப்புக்கு உரிமம் பெறுதலைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கள்ளப்பதிவாளரையும் கொணர்ந்தது. மலிவாகக் கிடைத்த அவ்வட்டுகளுக்கான விலையைக் கலைஞர்களும் கொட்டகைத் தொழிலாளர்களும் செலுத்தினர். பினாங்குச் சாலையின் ஓடியன், கத்தே முதலான கொட்டகைகள் இன்று மூத்தோர் நினைவில் மட்டுமே உள்ளன. அவை மூடப்பட்டதற்குக் காரணம் பல. வீட்டுத்திரையும் அவற்றுள் ஒன்று.

இதற்கிடையே போடுதல் என்னும் வினை புதுவலிமையோடு மீண்டது. 1996இல் மலேசியாவின் முதல் செயற்கைக்கோளான மீசாட்-1 ஏவப்பட்டது. அவ்வாண்டே ஆஸ்ட்ரோ சேவை தொடங்கியது. வாரம் ஒருமுறை எதிர்பார்த்திருந்த தமிழ், வானவில் அலைவரிசையால் நாள்தோறும் வீட்டுக்கு வந்தது. 1993இல் சென்னையில் தொடங்கிய சன் தொலைக்காட்சியும் சேர்ந்துகொண்டது. அரிதாயிருந்தது மலிந்தபோது, கவனித்துப் பார்க்கும் பழக்கம் தளர்ந்து, பின்னணியில் ஓடவிடும் பழக்கம் தோன்றியது. கனமழையில் செயற்கைக்கோள் அலை வலுவிழந்து திரை அணையும்போதுதான் பல வீடுகளில் மீண்டும் பேச்சு எழுந்தது.

4. பார்க்கும் படம்

2016 சனவரியில் நெட்பிளிக்ஸ் மலேசியாவுக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோவும், 2021 சூன் முதல் நாளில் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் வந்தன. 2019 அக்டோபர் 31 அன்று பழைய அலைமுறை ஒளிபரப்பு நாடு முழுதும் நிறைவுற்றது. 2013இல் கமல்ஹாசன் தம் 'விஸ்வரூபம்' படத்தைக் கொட்டகைக்கு வரும்முன்னரே வீட்டுத் தொலைக்காட்சிக்குத் தர முயன்றபோது, தமிழ்நாட்டுக் கொட்டகை உரிமையாளர்கள் எதிர்த்தமையால் அத்திட்டம் நிறைவேறவில்லை. ஏழாண்டுகளில் காலம் மாறிற்று. 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. இந்தியாவிலும் கொட்டகைகள் மூடப்பட்டன. மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' நேரே இணையவழியில் வெளியாயிற்று. நவம்பர் 12 அன்று 'சூரரைப் போற்று' அவ்வழியே வந்தது. வீடே முதல் வெளியீட்டுக் கொட்டகை ஆன காலம் அது.

இம்மாற்றத்தின் நன்மைகளைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. நடக்க இயலாத முதியவர், இரவுக் காட்சிக்குத் தனியே செல்ல முடியாத பெண், செவித்திறன் குன்றியவர் ஆகியோர்க்குத் திரைப்படம் எளிதில் எட்டும் பொருளாயிற்று. பழைய படங்கள் பல விரல்நுனியில் கிடைக்கின்றன. பிறநாட்டுப் படங்களும் தொடர்களும் தமிழ்க்குரல் பெற்று வருகின்றன.

ஆயினும் வினைமுதலைப் பாருங்கள். இப்போது ஒருமை, தன்மை ஒருமை. 'பார்த்தோம்' என்ற சொல் அருகி, 'பார்த்தேன்' என்ற சொல் பெருகிவிட்டது. ஒரே கூரையின் கீழ்த் தந்தை கூடத்திலும், மகள் கைப்பேசியிலும், மகன் மடிக்கணினியிலும் வெவ்வேறு படங்களைக் காண்கின்றனர். காதில் செவிப்பொறி பொருத்தியிருப்பவரிடம் பாட்டி எதையும் விளக்க முடியாது. தேர்வு பெருகியது, வாதம் மறைந்தது. விட்டுக்கொடுக்க வேண்டிய தேவை இல்லாதபோது, பேரனின் காதில் பழைய தமிழ் விழுவதற்கும் வழியில்லை. நாம் முன்னர்க் குறிப்பிட்ட உரையாசிரியரின் இருக்கை வெறுமையாகிவிட்டது. இழப்பு இங்குதான் நேர்ந்தது. கருவியின் மீது குற்றம் சுமத்துவதால் அவ்விருக்கை நிரம்பாது.

திரைத்தமிழே கலப்புத்தமிழாயிற்றே, அதைக் கேட்டு மொழி வளருமா என்று வினவுவோர் உளர். வினா நியாயமானது. வீட்டுத்திரை நமக்கு மிகுதியாகத் தந்தது சென்னைத் தமிழை. நம் இளைஞர் நாவில் அந்நகரின் வழக்குகள் ஏறிவிட்டன. 'பசியாறுதல்', 'அஞ்சடி' போன்ற நம் மண்ணின் சொற்கள் திரையில் ஒலிப்பதில்லை. இதனால்தான் 2015இல் வெளியான மலேசியத் தமிழ்ப்படம் 'ஜகாட்' குறிப்பிடத்தக்கதாகிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய அப்படம், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் வாழ்வை நம் பேச்சுத் தமிழிலேயே காட்டிற்று. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதையும் பெற்றது. நம் பேச்சும் திரைக்குத் தகும் என்பதை மாணவர் உணர அது ஒரு சான்று. கலப்பு எது, வட்டார வழக்கு எது, செந்தமிழ் எது என்று பகுத்துக் காட்டவும் அருகில் ஒருவர் வேண்டும். மீண்டும் அதே இருக்கைக்கே வந்து சேர்கிறோம்.

5. செய்யத்தக்கவை

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, வாரத்தில் ஒருநாள் 'போட்ட படம்' வேண்டும். வீட்டில் ஒருவர் தேர்ந்தெடுக்க, மற்றவர் அனைவரும் ஒரே திரையில் பார்க்க வேண்டும். ஒரு வாரம் மூத்தவர் தேர்வு, மறுவாரம் இளையவர் தேர்வு என முறை வைக்கலாம். படம் முடிந்தபின் அரைமணி நேரம் பேசுவதையும் படத்தின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வகுப்பறையில் மொழிபெயர்ப்பு வரிகளைப் பாடமாக்கலாம். ஐந்து நிமிடக் காட்சி ஒன்றைத் தேர்ந்து, அதன் வசனத்தை மாணவர் முதலில் தமிழில் எழுதுக. பின்னர் மலாயில் வரி எழுதுக. ஒரு வரி திரையில் நிற்பது சில நொடிகளே என்பதால் சுருக்கமும் தேவை. அத்தையை எவ்வாறு பெயர்ப்பது, 'நீங்கள்' 'நீ' ஆனதை எவ்வாறு உணர்த்துவது என்று போராடும் மாணவன், உறவுச்சொல்லின் அருமையையும் இடப்பெயரின் நுட்பத்தையும் தானே கண்டறிவான். தமிழ் வரிகள் தரப்பட்டுள்ள படங்களில் அவற்றையே தேர்ந்து படிப்பதும் விரைவாகத் தமிழ் வாசிக்க நற்பயிற்சி.

மூன்றாவது, வீடுகளில் எஞ்சியிருக்கும் ஒளிநாடாக்களைக் காப்பாற்ற வேண்டும். 'காளிதாஸ்' படத்தின் படி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. இந்தியாவில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் புனே நகரில் அமைந்தது 1964இல். அதற்குள் அழிந்தவை பல. காந்த நாடாவும் நிலையானதன்று. வெப்பமும் ஈரமும் பூஞ்சையும் அதனைச் சிதைக்கும். நம் தீவின் தட்பவெப்பம் அதற்கு ஏற்றதன்று. எடுத்த படம் அலமாரியில் இருந்தது. பார்க்கும் படமோ உரிமக்காலம் முடிந்தால் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். பழைய உள்நாட்டுத் தமிழ் நாடகமோ கலைநிகழ்ச்சியோ பதிவான நாடா ஒன்று எவர் வீட்டிலாவது இருக்கக்கூடும். மாணவர்கள் தத்தம் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் வினவி, என்ன நாடா, எந்த ஆண்டு, யார் பதிந்தது எனப் பட்டியலிட்டால் அதுவே ஓர் ஆவணப்பணியின் தொடக்கமாகும். வீடு வீடாகச் சென்று சுவடி தேடிய உ.வே.சாமிநாதையரின் வழிவந்தோர் நாம் என்று சொல்லிக்கொள்வதற்கு அப்போது சிறிது தகுதி பெறுவோம்.

அவையோரே, காட்டுதல், போடுதல், எடுத்தல், பார்த்தல் என நான்கு வினைகளையும் கண்டோம். ஒவ்வொரு படியிலும் நம் உரிமை வளர்ந்தது. அதை எவரும் திருப்பித் தர வேண்டியதில்லை. அதனோடு ஐந்தாவது வினை ஒன்றைச் சேர்த்துக்கொள்வோம். அது 'பேசுதல்'. எத்திரையில் பார்த்தாலும், பார்த்ததைத் தமிழில் பேச வீட்டில் ஒருவர் இருந்தால், இம்மண்ணில் தமிழ் வீட்டுமொழியாகத் தொடரும்.